மூன்றாம் வகுப்பில் படங்கள் கிடையாது

மே மாதக் கடைசியில் பள்ளி மூடியதும் ஓடைக்கரைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் சத்தம் போய்த் தவளைகளின் சத்தம் வந்துவிடும். அந்த வருஷம் ஜூன் முழுக்க மழை. இரண்டு பக்கத்து மலைகளும் மதியம்வரை மூடுபனிக்குள்ளேயே நின்றன. சாப்பாட்டுக்கூடத்து மூலையில் ஈரத்தை உறிஞ்சும் இயந்திரம் ஓயாமல் உறுமிக்கொண்டிருந்தது. மணிக்கு ஒருதரம் ஆசிரியைகளில் யாராவது எழுந்துபோய் அதன் தொட்டியிலிருந்த தண்ணீரை வாசலில் கொட்டிவிட்டு வரவேண்டும். பெரும்பாலும் வெர்லீன்தான் எழுந்தாள். உட்கார்ந்தே இருப்பது அவளுக்கு ஆகாது.

வெர்லீன் இருபத்தாறு வருஷமாக அந்தப் பள்ளியின் முதல் வகுப்பு ஆசிரியை. ஓடையின் இரண்டு கரையிலும் இருபது வயதுக்காரர் யாரைக் கேட்டாலும் மிஸ் வெர்லீனிடம்தான் படிக்கக் கற்றேன் என்பார்கள். சில வருஷத்துக்கு ஒருமுறை, கவர்னர் மாறும்போதெல்லாம், மாநிலம் வாசிப்புக்குப் புதுத் தரநிலைகளை அச்சிட்டு அனுப்பும். முதல் வகுப்பு முடிவில் ஒரு பிள்ளைக்கு இன்னின்னது தெரிந்திருக்க வேண்டும் என்று எண் போட்ட பட்டியல். உடனே ஆசிரியைகள் ஒரு வாரம் கூடி உட்கார்ந்து தங்கள் பாடங்களை அந்தப் பட்டியலோடு பொருத்த வேண்டும். அதைப் பொருத்துகிற வாரம் என்பார்கள். வெர்லீன் அதில் கெட்டிக்காரி. பாடத்தில் கை வைக்கமாட்டாள். பாட அட்டையின் மூலையில் பழைய எண்ணை அழித்துவிட்டுப் புது எண்ணைப் பென்சிலால் எழுதிவிடுவாள். மூன்று முறை அப்படிப் பொருத்தி, ஒருமுறை மாவட்டத்திலேயே சிறப்பாகப் பொருத்தியவள் என்று சான்றிதழ்கூட வாங்கியிருக்கிறாள்.

"பென்சில்லயே எழுது. அடுத்த கவர்னர் வந்தா மறுபடி அழிக்கணும்ல," என்றாள் நெல்டா. இரண்டாம் வகுப்பு ஆசிரியை. வெர்லீனோடு ஒன்றாகச் சேர்ந்தவள்.

"எனக்கு ரிட்டயர்மென்ட்டுக்குள்ள இன்னும் ரெண்டு கவர்னர் இருக்காங்க."

"எனக்கு ஒண்ணரை."

இந்த முறை பென்சில் வேலை நடக்கவில்லை. மாவட்ட அலுவலகத்திலிருந்து லீயான் என்ற பெண்ணை அனுப்பியிருந்தார்கள். முப்பது வயதிருக்கும், அடுத்த ஓடைக்கரை ஊர்க்காரி. வந்ததும் சுவர் நெடுகப் பழுப்புக் காகிதத்தை ஒட்டினாள். ஒவ்வொரு தரநிலையையும் தனித்தனித் துண்டாக வெட்டி மேலே வரிசையாக ஒட்டினாள். பாட அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டுபோய்ப் பொருந்துகிற துண்டுக்குக் கீழே ஒட்டவேண்டும். ஒட்டும்போது அவள் ஒரே ஒரு கேள்வி கேட்பாள்.

"மிஸ் வெர்லீன், இந்தப் பாடத்துல பிள்ளை அதை எந்த இடத்துல செய்யுதுன்னு விரலை வெச்சுக் காட்டுங்க."

புதன்கிழமை மத்தியானத்துக்குள் வெர்லீனின் சுவரில் 'கதையைத் திரும்பச் சொல்லுதல்' என்ற துண்டுக்குக் கீழே பதினோரு அட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்கின. 'பாத்திரங்களைப் பற்றிப் பேசுதல்' கீழே ஒன்பது. இடது பக்கத்தில் ஆறு துண்டுகள். எழுத்துக்கு ஒலி சொல்லுதல், ஒலிகளைச் சேர்த்துச் சொல்லாக்குதல், அறியாத சொல்லை ஒலி கூட்டி வாசித்தல், அப்படி. அவற்றுக்குக் கீழே பழுப்புக் காகிதம் வெறுமனே கிடந்தது.

"இதோ இருக்கே," என்று தன் செல்ல அட்டையை நீட்டினாள் வெர்லீன். கரடிக்குட்டிப் பாடம். கதையில் கடினமான சொல் வரும் இடத்தில் மஞ்சள் காகிதத்தை ஒட்டி அதை மறைத்துவிடுவாள். பிள்ளைகள் படத்தைப் பார்த்து, முதல் எழுத்தை மட்டும் எட்டிப் பார்த்து, என்ன சொல்லாக இருக்கும் என்று கூவுவார்கள். வகுப்பே கொண்டாட்டமாக இருக்கும்.

லீயான் அட்டையை வாங்கி நெடுநேரம் பார்த்தாள். "இதுல பிள்ளை சொல்லைப் படிக்கலையே. ஊகிக்குது."

"படிச்சவங்க எல்லாருமே ஊகிச்சுத்தாம்மா படிக்கிறோம்."

"அப்படித்தான் நமக்குக் காலேஜ்ல சொல்லித்தந்தாங்க. எனக்கும்தான்." லீயானின் குரலில் குற்றம் சாட்டுகிற தொனி இல்லை. பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். இருபது சொற்கள். எதற்கும் அர்த்தமே கிடையாது. விப், நோஸ்ட், ஃபிம் என்று யாரோ விளையாட்டாகச் செய்து வைத்தது போல. "இதுக்குப் படம் போடமுடியாது. மனப்பாடமும் பண்ணமுடியாது. ஒலி கூட்டத் தெரிஞ்சா மட்டும்தான் வாசிக்கலாம். முதல் வகுப்பு முடிக்கிற பிள்ளை பதினஞ்சையாவது வாசிக்கணும். உங்ககிட்ட படிச்ச யாருக்காவது குடுத்துப் பாருங்களேன்."

"என் மகளே இருக்கா. என் கையில படிச்சவதான்," என்று தாளை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள் வெர்லீன். நெல்டா வேறு பக்கம் பார்த்தாள்.

மகள் ஷெல்பிக்கு இருபத்திரண்டு வயது. ஓடைக்கரையில் முதல் வகுப்பு ஒன்றே ஒன்றுதான். ஆகையால் ஆறு வயதில் தாயிடமே ஒரு வருஷம் முழுக்கப் படித்தாள். இப்போது டவுனில் முதியோர் இல்லத்தில் உதவியாள் வேலை. கிழவர்களைக் குளிப்பாட்டவும் திருப்பிப் படுக்கவைக்கவும் சோறு ஊட்டவும் அவளைப்போல ஆள் கிடையாது என்று அங்கே பேச்சு. நர்ஸ் படிப்புக்கு நுழைவுத் தேர்வு இரண்டு முறை எழுதித் தோற்றிருந்தாள். மூன்றாவது தேர்வு ஜூலை பத்தாம் தேதி. அதிலும் தோற்றால் பக்கத்து மாநிலமான ஒஹையோவுக்குப் போய், கிடங்கு ஒன்றில் பெட்டி அடுக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் சேக்காளிகள் நாலுபேர் ஏற்கெனவே அங்கே போயிருந்தார்கள். போனவர்கள் யாரும் திரும்பி வந்து ஓடைக்கரையில் வீடு கட்டியதில்லை.

வெர்லீன் வீடு சேரும்போது மூன்றரை மணி. அடுப்பில் பீன்ஸ் காலையிலிருந்து பன்றிக்கொழுப்புத் துண்டோடு மெல்லக் கொதித்துக்கொண்டிருந்தது. ஷெல்பி வேலைச் சீருடையைக்கூட மாற்றாமல் சமையலறை மேஜையில் பச்சை அவரையைக் குவித்துவைத்து நார் உரித்துக்கொண்டிருந்தாள். எதிரே வெர்லீனின் கணவன் டார்சி. இருபது வருஷம் நிலக்கரிச் சுரங்கத்தில் இருந்தவன். மூக்கில் பிராணவாயுக் குழாய். மூச்சு வாங்கினாலும் விரல்கள் மட்டும் சுறுசுறுப்பாக நார் உரிக்கும்.

"புஸ்தகத்தைத் தொட்டியா இன்னிக்கு?" நுழைந்ததும் வெர்லீன் கேட்ட முதல் கேள்வி இது.

"வந்தே அரைமணிதாம்மா ஆச்சு."

"அரைமணியில பத்துப் பக்கம் படிக்கலாம். போனை நோண்ட நேரம் இருக்குல்ல."

"அவ பீன்ஸ் உரிக்கிறா, வெர்லீன். நாளைக்கு நீயும்தானே திங்கப்போற," என்றான் டார்சி.

"நீ செல்லம் குடுத்துத்தான் இப்படி. ரெண்டுதரம் ஃபெயில். மூளை இல்லாதவளா இவ? முயற்சி இல்ல, அவ்ளோதான்."

ஷெல்பி ஒரு அவரையை ஒடித்துக் கிண்ணத்தில் போட்டாள். இந்தப் பேச்சு அவளுக்கு மழைமாதிரி. தலையைக் கொஞ்சம் குனிந்துகொண்டால் போதும்.

வெர்லீன் கைகழுவிவிட்டுத் தாளை விரித்தாள். "இதைக் கொஞ்சம் வாசிச்சுக் காட்டு. அந்த மாவட்டத்துக்காரிகிட்ட நான் சொல்லணும்."

"என்ன இது?"

"சும்மா வாசி. அர்த்தமெல்லாம் கிடையாது."

ஷெல்பி சிரித்தபடி தாளை இழுத்துக்கொண்டாள். ஈரவிரலால் முதல் சொல்லைத் தொட்டு ஏதோ சொன்னாள். அது தாளில் இருந்த சொல் இல்லை. அதைப்போலத் தோன்றுகிற, அவளுக்கு ஏற்கெனவே தெரிந்த வேறொரு சொல். இரண்டாவதும் அப்படி. மூன்றாவதில் நிமிர்ந்து தாயின் முகத்தைப் பார்த்தாள். படம் இல்லாததால் முகத்தைப் பார்க்கிறாள் என்று வெர்லீனுக்கு ஏனோ தோன்றியது. வகுப்பில் பிள்ளைகள் அப்படித்தான் பார்ப்பார்கள். அவளும் புருவத்தை உயர்த்தியோ தாழ்த்தியோ அவர்களுக்கு வழி காட்டியிருக்கிறாள்.

"அடுத்தது," என்றாள், முகத்தை அசைக்காமல்.

ஆறாவதில் ஷெல்பியின் சிரிப்பு நின்றது. பத்தாவதில் கழுத்து சிவந்தது. டார்சி உரிப்பதை நிறுத்திவிட்டான். இருபதும் முடிந்தபோது சரியாக வந்தவை இரண்டு.

"பாஸா?"

"ஒண்ணுமில்ல. அது சும்மா ஒரு... போய்க் குளி."

"இப்படி ஒரு பாஷை எந்த ஊர்லயும் கிடையாதும்மா," என்று ஷெல்பி எழுந்து போனாள். குளியலறைக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அடுப்பில் பீன்ஸ் கொதித்தது. வெர்லீன் தாளை மறுபடி நாலாக மடித்தாள்.

"உனக்குத் தெரியுமா?" என்று வெர்லீன் கடைசியில் கேட்டாள்.

டார்சி குழாயைச் சரிசெய்துகொண்டான். "தெரியும்."

"எப்பலேருந்து?"

"அவ நாலாவது படிக்கும்போது. அப்பா, எனக்குக் கண்ணு எரியுது, நீ வாசின்னு வருவா. வீட்டுப்பாடம் பூரா நான் வாசிப்பேன், அவ கேட்டுக்குவா. ஒருதரம் கேட்டா போதும், அப்படியே பிடிச்சுக்குவா. லைசென்ஸ் புஸ்தகம் நான்தான் வாசிச்சேன். வேலைக்கு விண்ணப்பம் நான்தான் பூர்த்தி பண்ணேன். நர்ஸ் புஸ்தகம் நூறு பக்கம் வாசிச்சோம். அதுக்குள்ள எனக்கு மூச்சு போயிருச்சு."

ஒன்பதாவதோடு நின்றவன் அவன். பழைய இரண்டறைப் பள்ளியில், பிரம்பால் பலகையைத் தட்டித் தட்டி ஒலி ஒலியாக ஓதவைத்த ஒரு சிடுமூஞ்சி ஆசிரியையிடம் படித்தவன். எதைக் கொடுத்தாலும் மெதுவாக, ஆனால் தப்பில்லாமல் வாசிப்பான். அதைச் சொல்லி வெர்லீன் அவனை எத்தனையோ முறை கேலி செய்திருக்கிறாள்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சத்தியம் வாங்கிட்டா. அம்மாதான் படிப்பு டீச்சர், தெரிஞ்சா அம்மா செத்துப்போயிரும்னா. ஒன்பது வயசுல. பிறகு நான் எப்படிச் சொல்ல?"

வெர்லீன் தன் கைபேசியை எடுத்துப் பார்த்தாள். மகள் ஒருநாளும் எழுத்தில் செய்தி அனுப்பியதில்லை. எல்லாம் குரல். அம்மா, பால் வாங்கவா? அம்மா, பாலத்துல தண்ணி ஏறுது, மேல்ரோட்ல வா. வருஷக்கணக்கில் நூற்றுக்கணக்கான குரல்கள். மகளுக்குத் தன்மேல் எவ்வளவு பிரியம், குரலைக் கேட்கவைக்கிறாள் பார் என்று நெல்டாவிடம் பெருமையடித்திருக்கிறாள்.

மறுநாள் காலை பெட்ரோல் பங்க் கடையில் காபி வாங்க நின்றபோது பின்னாலிருந்து ராய்ஸ் கூப்பிட்டான். முப்பது வயது, மார்புவரை தாடி. அவளுடைய பழைய மாணவன்.

"மிஸ் வெர்லீன்! கடவுளே அனுப்பின மாதிரி வந்தீங்க. இந்தக் கடுதாசியில என்ன போட்டிருக்குன்னு பாருங்களேன். கண்ணாடிய வீட்டுல விட்டுட்டேன்."

தண்ணீர்க் குழாய் பழுதுபார்க்க ஆள் வரும் தேதி பற்றிய கடிதம். வாசித்துக் காட்டினாள். அவன் அவள் கன்னத்தில் முத்தமிட்டுவிட்டு, கல்லாவுக்கு மேலே தொங்கிய படங்களில் ஒன்றை விரலால் காட்டி ரொட்டியும் இறைச்சியும் வாங்கிக்கொண்டு போனான். ராய்ஸ் கண்ணாடி போட்டு அவள் பார்த்ததே இல்லை. காரில் உட்கார்ந்து வெகுநேரம் சாவியைத் திருப்பாமல் இருந்தாள். வருஷத்துக்குப் பதினெட்டுப் பிள்ளைகள். பலர் எப்படியோ தாங்களாகவே பிடித்துக்கொண்டிருப்பார்கள். எல்லாரும் இல்லை. அதற்குமேல் கணக்குப் போட அவளுக்குத் தைரியம் வரவில்லை.

சாப்பாட்டுக்கூடத்தில் அவளுடைய சுவரின் இடது பக்கம் நேற்றுப்போலவே வெறுமையாக இருந்தது. நெல்டா, "ரெண்டு அட்டைய அந்தப் பக்கம் தள்ளி ஒட்டுடி, யாரு வந்து பாக்கப்போறா," என்று கிசுகிசுத்தாள்.

"வேண்டாம். அப்படியே இருக்கட்டும்."

லீயானைத் தண்ணீர் கொட்டுகிற சாக்கில் வாசலுக்குக் கூட்டிப்போனாள். மழை தூறிக்கொண்டிருந்தது.

"இருபத்திரண்டு வயசுல கத்துக்க முடியுமா?"

லீயான் யாருக்கு என்று கேட்கவில்லை. "முடியும், மிஸ் வெர்லீன். தினம் ஒரு மணிநேரம் உக்காந்தா ஆறு மாசம். சிலருக்கு அதுகூட வேண்டாம். அவங்க அறிவுல ஒரு குறையும் இருக்காது. யாரும் சொல்லித்தரல, அவ்வளவுதான்."

அறிவில் குறையில்லை, சொல்லித்தரவில்லை. அந்த இரண்டு வாக்கியத்தையும் வெர்லீன் நாளெல்லாம் வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள். மருந்துச் சீட்டு கையில் கிடைத்ததுபோல ஒரு பரபரப்பு. மகளிடம் சொல்லிவிட்டால் போதும். நீ மக்கு இல்லை, தப்பு என்னுடையது என்று சொன்னதும் அவள் தோளிலிருந்து பதினாறு வருஷப் பாரம் இறங்கும். தேர்வைத் தள்ளிப்போடலாம். ஆறு மாதம். ஒஹையோ வேண்டாம்.

அன்று ராத்திரி டார்சி அதைக் கேட்டுவிட்டு வேண்டாமென்று தலையை ஆட்டினான். "சொல்லாத."

"ஏன்? உண்மைதானே?"

"உண்மைதான். அவ அதை வெச்சுக்கிட்டு என்ன செய்வா? சிம்னிக்குள்ள ஒரு கல்லு தளர்ந்திருந்தா, இழுத்துப் பாக்கக்கூடாது வெர்லீன். வீடு எதுமேல நிக்குதுன்னு உனக்குத் தெரியாது."

"அவ தன்னை மக்குன்னு நினைச்சிட்டே சாகணுமா?"

"நான் அப்படிச் சொல்லல." அவனுக்கு மூச்சு வாங்கியது. "நீ யாருக்காகச் சொல்ற? அவளுக்கா, உனக்கா? அதை மட்டும் யோசிச்சுக்கிட்டுச் சொல்லு."

அவள் யோசித்தாள். தனக்காக இல்லை என்றே முடிவுக்கு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்து மூவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். சோளரொட்டி, பச்சை அவரை, வறுத்த உருளைக்கிழங்கு, நறுக்கிய வெங்காயம். அன்றைக்கென்று வெயில் அடித்தது. ஷெல்பி முதியோர் இல்லத்தில் ஒரு கிழவி தன் பொய்ப்பல்லைப் பக்கத்துக் கிழவனின் காபியில் போட்ட கதையைச் சொல்லி அப்பாவை இருமும்வரை சிரிக்கவைத்தாள். அவள் நன்றாக இருந்தாள். அதைப் பார்த்துத்தான் வெர்லீனுக்குச் சொல்லலாம் என்ற துணிவு வந்தது.

"ஷெல்பி, அன்னிக்கு ஒரு தாள் குடுத்தேன்ல."

டார்சி முள்கரண்டியைக் கீழே வைத்தான்.

வெர்லீன் சொன்னாள். தரநிலைகளைப் பற்றி, சுவரைப் பற்றி, வெறும் காகிதத்தைப் பற்றி, மஞ்சள் காகிதம் ஒட்டி மறைத்த சொற்களைப் பற்றி. சொல்லச் சொல்லத் தன் குரல் வகுப்பில் பேசுகிற குரலாக மாறுவது அவளுக்கே கேட்டது. "உன் தப்பு ஒண்ணுமே இல்ல, கண்ணு. உனக்கு நான் படிக்கச் சொல்லித்தரல. ஊகிக்கத்தான் சொல்லித்தந்தேன். எனக்கு அப்பத் தெரியாது."

ஷெல்பி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். "சொல்லிட்டியா?"

"அவளே கண்டுபிடிச்சா," என்றான் டார்சி.

"என் ரிப்போர்ட் கார்டு இன்னும் எங்கிட்ட இருக்கு," என்றாள் ஷெல்பி தாயிடம். குரலில் சூடே இல்லை. "முதல் வகுப்புல நீதான் எழுதின. அருமையாகப் படிக்கிறாள். நட்சத்திரம் ஒட்டி. ரெண்டாவதுலயும் அப்படித்தான். அப்புறம் மூணாவது. புஸ்தகத்தைத் திறந்தா படமே இல்ல. படம் போயிருச்சும்மா. எல்லாப் பிள்ளைங்களும் வாசிக்குதுங்க, எனக்கு மட்டும் ஏதோ நின்னுபோச்சு. சரி, என் மூளை ரெண்டாவது வரைக்கும்தான் செஞ்சு வெச்சிருக்குன்னு நினைச்சேன்."

"அது இல்ல, கண்ணு..."

"இரு. நான் பேசி முடிக்கிறேன். சில பேருக்குக் குட்டைக் கால் இல்லையா? சில பேருக்கு ஒரு காது கேக்காது. அதுமாதிரி எனக்கு இது. அழுதேன். பத்து வயசுவரைக்கும் அழுதேன். அப்புறம் பழகிடுச்சு. மக்குதான், இருந்தா என்ன, எனக்குக் கை இருக்கு, கிழவங்களுக்கு என்னைப் பிடிக்குதுன்னு ஒரு மாதிரி உக்காந்துட்டேன். தேர்வு எழுதினது உனக்காக. தோத்துப்போவேன்னு தெரிஞ்சேதான் எழுதினேன்."

"இனிமே தோக்க வேண்டாம். லீயான் சொல்றா, தினம் ஒரு மணிநேரம், ஆறே மாசம்..."

சொன்ன மாத்திரத்தில் எதையோ போட்டு உடைத்துவிட்டது வெர்லீனுக்குத் தெரிந்தது. மகளின் முகம் மெல்ல மெல்ல மாறியது.

"ஆறு மாசமா?"

வெர்லீன் ஆமென்று தலையசைத்தாள்.

"ஆறு மாசத்துல சரியாகிற விஷயமா இது?" ஷெல்பி இரண்டு கையாலும் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "ட்ராவிஸ் என்னைக் கல்யாணம் பண்ணிக்கக் கேட்டான், உனக்குத் தெரியாது. அப்புறம் அவன் எழுதின கடுதாசிய என்னால வாசிக்க முடியல. வெக்கமாயிருந்துச்சு, பதிலே சொல்லல. அவன் போயிட்டான். அதெல்லாம் ஆறு மாசமா?"

"ஷெல்பி, நான் சொல்லித்தரேன். இன்னிக்கே, முதல் எழுத்துலேருந்து..."

"நீயா?"

அவள் கத்தவில்லை. உண்மையாகவே ஆச்சரியப்பட்டுக் கேட்டதுபோல இருந்தது. எழுந்து தன் தட்டைக் கழுவினாள். அப்பாவின் தட்டையும் கழுவினாள். தாயின் தட்டை எடுக்க வந்து, அதில் பாதி மிச்சமிருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

தேர்வுக்குக்கூடக் காத்திராமல் வியாழக்கிழமை அவள் சேக்காளி ஒருத்தியின் பிக்கப் வண்டியில் இரண்டு பைகளோடு ஒஹையோவுக்குக் கிளம்பினாள். அப்பாவைக் குனிந்து கட்டிக்கொண்டு நெடுநேரம் நின்றாள். தாயையும் கட்டிக்கொண்டாள். "உம்மேல கோவம் இல்லம்மா. கோவப்படத்தான் பாத்தேன், வரல," என்றாள். வண்டி பாலத்தைத் தாண்டும்வரை டார்சி கையை உயர்த்தியபடி நின்றான். பிறகு வெர்லீனை ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனான். அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை.

ஆகஸ்டில் பள்ளி திறந்தது. வெர்லீன் கோடை முழுக்க லீயான் கொடுத்த பாடங்களை உட்கார்ந்து எழுதியிருந்தாள். கரடிக்குட்டி அட்டைகளைக் குப்பைத்தொட்டியில் போட்டபோது, ஞாபகத்துக்கு ஒன்றாவது வைத்துக்கொள் என்றாள் நெல்டா. அவள் கேட்கவில்லை. இந்த வருஷம் பதினேழு பிள்ளைகள். தினமும் காலையில் எழுத்தும் ஒலியும். சலிப்பூட்டுகிற வேலை. இரண்டு ஒலி சேர்த்து ஒரு சொல், மூன்று ஒலி சேர்த்து ஒரு சொல். ஒரு பிள்ளை அவள் முகத்தைப் பார்த்தால் சட்டென்று சன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். "இங்க பாக்காத கண்ணு, பதில் எம்மூஞ்சியில இல்ல. எழுத்துல இருக்கு."

அக்டோபர் முதல் வாரம். வெளியே மேப்பிள் மரங்கள் சிவந்திருந்தன. ஏவ்ரி என்ற சின்னப்பெண், அப்பா சிறையில், அம்மா எங்கேயோ என்று இருப்பவள், பள்ளியில் சேர்ந்தபோது தன் பெயரின் முதல் எழுத்துகூடத் தெரியாதவள், கரும்பலகை முன்னால் போய் நின்றாள். வெர்லீன் ஒரு வரி எழுதியிருந்தாள். படம் ஒன்றும் இல்லை. ஏவ்ரி விரலை வைத்து ஒவ்வொரு ஒலியாக முணுமுணுத்தாள். நின்றாள். மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். பிறகு வரி முழுவதையும் ஒரே மூச்சில் வாசித்தாள். ஈரக் கொட்டகையில் சிவப்புக் கோழி முட்டை இட்டது. வாசித்துவிட்டுத் தானே சிரித்தாள். அவளுக்கு அந்தக் கோழி தெரிந்துவிட்டது.

வகுப்பு கைதட்டியது. வெர்லீனும் தட்டினாள். அப்புறம் மேஜைமேல் இருந்த வருகைப் பதிவேட்டைப் பார்த்தாள். பள்ளி திறந்து அன்றைக்கு முப்பத்து நாலாவது நாள். ஷெல்பி அதே அறையில் அவளிடம் நூற்று எழுபது நாள் உட்கார்ந்திருந்தாள்.

பிள்ளைகளைப் படம் வரையவிட்டு வராந்தாவுக்கு வந்தாள். கைபேசியில் மகளை அழைத்தாள். மூன்று மாதமாக அப்பாவிடம் மட்டுந்தான் ஷெல்பி பேசுகிறாள். எடுக்கமாட்டாள் என்று நினைத்தபோது எடுத்தாள். பின்னால் இயந்திரங்களின் இரைச்சல்.

"அம்மா? என்ன இந்த நேரத்துல? அப்பா நல்லாத்தானே இருக்கு?"

"நல்லாயிருக்கு. சும்மாத்தான் கூப்பிட்டேன். சாப்பிட்டியா?"

"இப்பதான் இடைவேளை. சாண்ட்விச் கொண்டுவந்தேன்."

"குளிருதா அங்க?"

"கொஞ்சம்."

இருவரும் இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வைத்துவிடுவாள் என்று வெர்லீன் பயந்துகொண்டிருந்தபோது ஷெல்பி கேட்டாள்.

"பசங்க எப்படி? அந்தப் புதுப் பாடம் எடுக்கிறியாமே, அப்பா சொல்லிச்சு. வருதா அதுங்களுக்கு?"

கதவுக் கண்ணாடி வழியாக வெர்லீன் உள்ளே பார்த்தாள். ஏவ்ரி பக்கத்துப் பெண்ணைக் கரும்பலகைக்கு இழுத்துவந்து அந்த வரியைக் காட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணும் வாசித்துக்கொண்டிருந்தாள்.

"எங்கடி வருது," என்றாள் வெர்லீன். "ரொம்பக் கஷ்டப்படுதுங்க. மெதுவாத்தான் போகுது. சிலதுக்கு வரவே மாட்டேங்குது."

மறுமுனையில் ஷெல்பி மூச்சை விடுவது கேட்டது. நீளமான மூச்சு. பேசியபோது அவள் குரல் கொஞ்சம் இளகியிருந்தது.

"அதெல்லாம் எல்லாருக்கும் வந்துடாதும்மா. பாவம் அதுங்க. திட்டாத."

"திட்டமாட்டேன்," என்றாள் வெர்லீன்.